பத்து வருஷத்துக்கு முந்தைய மறுப்பைச் சொல்லலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது தாராவி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது கணவர், நான்கு வயது மகளோடு ஆன்டாப் ஹில்லில் இருக்கிறேன். ஐரோலியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் ஒன்பது வருஷமாக டெஸ்டிங் வேலை. அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவுக்கான 2025 மார்ச் குலுக்கலில் பெயர் வந்தது. ஜூனில் கம்பெனியில் எனக்காகப் பெட்டிஷன் போட்டார்கள், ஆகஸ்டில் எச்-1பி அப்ரூவல் வந்துவிட்டது. டிசம்பர் 18-ம் தேதி இருந்த இன்டர்வியூவை இந்த மார்ச் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். என் பயம் வேறு. 2016-ல் எம்.எஸ். படிக்க ஸ்டூடண்ட் விசா கேட்டு, மும்பையிலேயே மறுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன், “பத்து வருஷம் ஆச்சு, ரெக்கார்டில் இருக்காது, சொல்லாதே” என்றதால் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு “இல்லை” என்று போட்டுவிட்டேன். அதிலிருந்து தூக்கம் இல்லை. இதுபோக, ஏழாவது வரை முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் தடுமாறும். ஒரு கோச்சிங் சென்டரில் அறுபது கேள்வி-பதில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பெட்டிஷனில் வேலை செய்யும் இடம் டெக்சாஸின் ப்ளேனோ. மேனேஜர் போனில் “சார்லட்டாகவும் இருக்கலாம்” என்கிறார். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கிடையாது. ஒரு லட்சம் டாலர் கட்டணம், சோஷியல் மீடியாவைத் திறந்து வைக்க வேண்டும் என்றெல்லாம் வேறு சொல்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது?

— ஒரு வாசகி, ஆன்டாப் ஹில், மும்பை

பதில்:

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தை முதலில் பார்ப்போம். மற்றதெல்லாம் அப்புறம்.

2016-ல் இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு சென்டரில் போட்டோ எடுத்தார்கள், கண்ணாடித் தட்டில் பத்து விரலையும் வைக்கச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த ரேகைதான் ரெக்கார்டு. உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், பாஸ்போர்ட் எண்ணே மாறியிருக்கலாம். விரல் மாறவில்லை. இந்த மார்ச்சில் மறுபடி விரலை வைத்தால் பழைய பதிவும் அன்றைக்கு இருந்த ஆபீசர் எழுதிய குறிப்பும் இன்றைய ஆபீசரின் திரையில் வந்து நிற்கும். உங்கள் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த ஒரு யோசனையை எத்தனையோ குடும்பங்களில் எத்தனையோ அண்ணன்மார் சொல்லி, அதன் பலனை என் மேஜையில் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மறுப்பால் உங்களுக்கு இப்போது பெரிய நஷ்டம் ஒன்றும் கிடையாது. ஸ்டூடண்ட் விசாவை 214(பி) என்ற பிரிவில் மறுத்திருப்பார்கள். அதன் சாரம் இதுதான்: “படிப்பு முடிந்து ஊர் திரும்புவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.” இருபத்தொரு வயசு, சம்பாத்தியம் இல்லை, தாராவி விலாசம், பேங்கில் கடன். ஆபீசர் என்ன நினைத்திருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம். நியாயமா என்று கேட்டால் நான் தலையைச் சொறிவேன். ஆனால் எச்-1பி-க்கு அந்தச் சோதனையே சட்டத்தில் இல்லை. அந்தப் பிரிவிலேயே எச்-1பி, கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகிப் போகிறவர்களுக்கான எல்-1 இரண்டுக்கும் விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். திரும்பி வருவேன் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. அம்மாவின் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். ஆக, “ஆமாம், 2016-ல் மறுத்தார்கள்” என்பது இன்றைக்கு ஒரு வரி விவரம், அவ்வளவுதான்.

“இல்லை” என்று நீங்கள் போட்ட டிக் அப்படிப்பட்டதில்லை. விசாவுக்காகத் தெரிந்தே பொய் சொன்னதாக ஆபீசர் முடிவு கட்டினால் 212(ஏ)(6)(சி) என்ற பிரிவு வரும். அது ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று முடிகிற தடை கிடையாது. ஆயுள் முழுக்கக் கூடவே வரும். விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டைப் பட வேண்டும். ஒன்றுமில்லாத ஒரு விஷயத்தை மறைக்கப் போய் இதை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா?

இன்டர்வியூவுக்கு இன்னும் நாள் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். டிசம்பரில் தள்ளிப் போட்டதற்கு எல்லோரும் திட்டினார்கள், நானும் திட்டினேன். உங்கள் விஷயத்தில் மட்டும் அது நல்லதாகப் போயிற்று. சப்மிட் செய்த டிஎஸ்-160-ஐத் திறந்து திருத்த முடியாது, புதிதாக ஒன்று போட வேண்டும். பழைய படிவத்தின் விவரங்களையே புதியதில் இழுத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதில்லை. “அமெரிக்க விசா மறுக்கப்பட்டதுண்டா?” என்ற கேள்விக்கு “ஆம்” போடுங்கள். கீழே வரும் கட்டத்தில் வருஷம், மும்பை, எஃப்-1 (ஸ்டூடண்ட் விசா), 214(பி) என்று எழுதுங்கள். அங்கே கதை வேண்டாம், அழுகையும் வேண்டாம். புதுப் படிவத்தின் எண் பழையதாக இருக்காது. அப்பாயின்ட்மென்ட் போட்ட கணக்கிலும் அந்த எண்ணை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாசலிலேயே எண் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். இதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். இரண்டு படிவங்களின் கன்ஃபர்மேஷன் பக்கங்களையும் பைலில் வையுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் கம்பெனியின் விசா டீமுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கூச்சமாக இருக்கும், தெரியும். “முன்பு தவறாகக் கொடுத்துவிட்டேன், திருத்துகிறேன்” என்று இரண்டு வரி போதும். அவர்கள் உங்களைக் கடித்துத் தின்ன மாட்டார்கள். ஆபீசர் கேட்பதற்கு முன்னால் நீங்களே திருத்தினால் அது திருத்தம். கவுண்டர் கண்ணாடிக்கு எதிரில் மாட்டிக்கொண்ட பிறகு சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம்.

கவுண்டரில் இதைப் பற்றிக் கேட்டால் இவ்வளவு போதும்: “யெஸ். இன் 2016, ஸ்டூடண்ட் விசா, ஹியர் இன் மும்பை.” முதலில் ஏன் “நோ” போட்டீர்கள் என்று கேட்டால், “ஐ மேட் எ மிஸ்டேக், ஐ கரெக்டட் இட்.” சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் கஷ்டம். நம் ஆட்கள் அங்கேதான் அண்ணனையும் இழுத்து, அப்பாவின் உடம்புக்கு முடியாததையும் இழுத்து, முடிந்துபோன கேள்விக்கு உயிர் கொடுப்பார்கள்.

சரி, அடுத்தது சார்லட். நீங்கள் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

எச்-1பி என்பது உங்களுக்குக் கிடைத்த பொதுவான வேலை அனுமதி என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்த முதலாளி, இந்த வேலை, இந்த ஊர், இந்தச் சம்பளம் என்று கட்டிப் போட்ட ஒன்று. பெட்டிஷனுக்கு முன்னால் உங்கள் கம்பெனி அமெரிக்கத் தொழிலாளர் துறையில் எல்.சி.ஏ. என்று ஒரு காகிதம் வாங்கியிருக்கும். இந்த ஊரில் இந்த வேலைக்கு நிலவும் சம்பளத்துக்குக் குறையாமல் தருகிறேன் என்ற உறுதிமொழி அது. ப்ளேனோவுக்கு வாங்கிய எல்.சி.ஏ. சார்லட்டுக்குச் செல்லாது. வேலை செய்யும் இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் புது எல்.சி.ஏ. வாங்கி, திருத்திய பெட்டிஷனும் போட வேண்டும் என்று 2015-லேயே ஒரு தீர்ப்பு வந்து, அன்றிலிருந்து அதுதான் நடைமுறை.

மேனேஜருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. அவருக்கு ஆள் வேண்டும், கிளையன்ட் கேட்கிறான், போனில் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். நீங்கள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு போய், “எங்கே வேலை?” என்ற கேள்விக்கு “ப்ளேனோ... ஆர் மே பி சார்லட்” என்றால் காரியம் கெட்டுவிடும். பெட்டிஷனில் இல்லாத புது விஷயம் இன்டர்வியூவில் தெரியவந்தால், பெட்டிஷனை மறுபரிசீலனைக்கு வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப ஆபீசருக்கு அதிகாரம் உண்டு. அப்படிப் போன பைல் திரும்பி வர எத்தனை மாசம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகச் சார்லட் முடிவான பிறகும் ப்ளேனோ என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதுவும் பொய்தான், நாம் மறுபடி முதல் பாராவுக்கே போய்விடுவோம்.

எனவே இன்டர்வியூவுக்கு முன்பே மெயிலில் கேளுங்கள்: “என் வேலை இடம் பெட்டிஷனில் உள்ளபடி ப்ளேனோதானா? உறுதிப்படுத்துங்கள்.” மேனேஜரோடு விசா டீமையும் அந்த மெயிலில் சேருங்கள். பெரும்பாலும் மறுநாளே “ப்ளேனோதான்” என்று பதில் வரும், ஏனென்றால் மாற்றுவதில் உள்ள சிக்கல் அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்தச் சிக்கல் என்ன என்றால், நீங்கள் கேட்ட அந்த ஒரு லட்சம் டாலர்.

எச்-1பி பெட்டிஷனுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று செப்டம்பர் 2025-ல் வந்த உத்தரவு, அந்த மாதம் 21-ம் தேதி முதல் புதிதாகப் போடும் பெட்டிஷன்களுக்கு. அதற்கு முன்னால் போட்டவற்றுக்கு அது பொருந்தாது என்று அமெரிக்க அரசே விளக்கம் கொடுத்துவிட்டது. உங்களுடையது ஜூனில் போட்டது. ஆக, இப்போதுள்ள பெட்டிஷனில் போகும் வரை அந்தப் பணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். விசா கையில் இல்லாமல் மும்பையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஊர் மாற்றிப் புதுப் பெட்டிஷன் போட்டால் அந்தக் கேள்வி எழும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி வக்கீல், மேனேஜர் இல்லை.

மெயில் போடும்போதே எல்.சி.ஏ. காப்பியும் கேட்டு வாங்குங்கள். வேலையில் சேரும் நாளுக்குள் அதை உங்களிடம் தருவது அவர்கள் கடமை, அதனால் தயங்க வேண்டியதில்லை. அதில் உள்ள சம்பளத் தொகையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். “உங்கள் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டால் மாசக் கணக்கில் முழிக்காமல் வருஷக் கணக்கில் டாலரில் சொல்ல வேண்டும். கூடவே ஒரு விஷயம்: அமெரிக்காவில் இறங்கிய 30 நாளுக்குள் அந்தச் சம்பளம் ஓட ஆரம்பிக்க வேண்டும், புராஜெக்ட் இல்லை என்று வீட்டில் உட்கார வைத்தாலும்.

இப்போது இங்கிலீஷுக்கு வருகிறேன்.

டோம்பிவிலியிலிருந்து ஒரு பையன் போன வருஷம் என்னிடம் வந்தான். அவனிடமும் இதே மாதிரி ஒரு கேள்வி-பதில் கட்டு இருந்தது. என் மேஜைக்கு எதிரில் உட்கார வைத்து, “வாட் டூ யூ டூ?” என்றேன். கண் விட்டத்துக்குப் போனது. “ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் ஃபார் எண்ட் டு எண்ட் டெலிவரி ஆஃப்...” என்று ரயில்வே அறிவிப்பு மாதிரி ஆரம்பித்தான். நடுவில் நிறுத்தி, “நேத்து ஆபீஸ்ல என்ன பண்ணினே?” என்று தமிழில் கேட்டேன். ரயில் நின்றுவிட்டது. அறுபது கேள்வியில் இது இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: “நேத்து ஒரு ரீஃபண்ட் ரெண்டு தடவை போயிடுச்சு சார். ஏன்னு தேடிட்டிருந்தேன்.” “இதையே இங்கிலீஷ்ல சொல்லு.” “ஒன் ரீஃபண்ட் வென்ட் டூ டைம்ஸ். ஐ வாஸ் ஃபைண்டிங் வொய்.”

இங்கிலீஷ் டீச்சர் கேட்டால் காதைத் திருகுவார். ஆனால் வேலை தெரிந்தவன் பேசும் பேச்சு அது. ஆபீசருக்கு வேண்டியது அதுதான். நாள் பூராவும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதே வேலையைச் செய்பவர்கள். மனப்பாடப் பதிலின் முதல் நான்கு வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் அதே நான்கு வார்த்தையை அன்று காலையில் வேறு பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். உடனே கட்டில் இல்லாத கேள்வி வரும். இங்கிலீஷ் வராதவரை அவர்கள் மன்னிப்பார்கள். சொந்த வேலையைச் சொந்த வாயால் சொல்லத் தெரியாதவரைத்தான் சந்தேகப்படுவார்கள், சர்டிபிகேட் போலியோ, ப்ராக்ஸி ஆளோ என்று.

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று உங்கள் அம்மாவுக்கு எப்படிச் சொல்வீர்கள்? யோசித்துப் பாருங்கள். “பேங்க் ஆப்ல நீ பணம் அனுப்பினா அது சரியான ஆளுக்குப் போச்சான்னு பாக்கிறது” என்று ஏதாவது சொல்லியிருப்பீர்கள். அதை அப்படியே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக்குங்கள். பெட்டிஷனில் உங்கள் வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள், அதை வாங்கிப் படியுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், அதில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்கள் வேலையிலிருந்து ஒரு உதாரணம் சொல்ல முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடியாத வார்த்தை இருந்தால் அதை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி புரியாவிட்டால், “சாரி, கேன் யூ ரிபீட்?” அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கண்ணாடி, மைக், பக்கத்துக் கவுண்டர் சத்தம், அமெரிக்க உச்சரிப்பு என்று எல்லாம் சேர்ந்தால் கான்வென்ட்டில் படித்தவர்களும் ரிபீட் கேட்பார்கள். அரைகுறையாகப் புரிந்ததற்கு “யெஸ், யெஸ்” என்று தலையாட்டுவதுதான் ஆபத்து. எதற்குத் தலையாட்டினோம் என்றே தெரியாது. கோச்சிங்குக்குக் கொடுத்த பணம் போகட்டும். அந்தக் கட்டின் பின்பக்கத்தில் உங்கள் மகள் படம் வரையட்டும்.

பெயர் விஷயம். இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. மும்பையில் மராத்திக்காரர்களுக்கும் குஜராத்திக்காரர்களுக்கும் சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றும் வரிசையாக இருக்கும், படிவம் அவர்களுக்காகவே செய்த மாதிரி உட்காரும். நமக்கு ஒரு பெயர், ஒரு இனிஷியல். உங்கள் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடத்தில் முழுப் பெயரும் இருந்து, சர்நேம் காலியாக இருந்தால், டிஎஸ்-160-ல் சர்நேம் கட்டத்தில் அந்த முழுப் பெயரைப் போட்டு, கிவன் நேம் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று போட வேண்டும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் கண்ணெதிரே இருக்க, “தெரியவில்லை” என்று எழுதுவது எரிச்சலாகத்தான் இருக்கும். விசாவிலும் அப்படித்தான் அச்சாகும், பயப்பட வேண்டாம்.

இப்போது பாஸ்போர்ட்டைத் திருத்தி சர்நேம் சேர்க்கலாமா என்ற யோசனை வந்திருக்கும். வேண்டாம். உங்கள் ஐ-797 என்ற அப்ரூவல் நோட்டீஸ் இப்போதுள்ள பெயரில் வந்தது. இன்டர்வியூவுக்குச் சில வாரம் இருக்கையில் பாஸ்போர்ட்டை மாற்றினால் டிஎஸ்-160, அப்பாயின்ட்மென்ட், அப்ரூவல் என்று எல்லாமே ஒன்றோடொன்று முட்டும். அங்கே போன பிறகு டிரைவிங் லைசென்ஸ் மாதிரி பலவற்றிலும் எஃப்.என்.யு. ஒட்டிக்கொண்டு வரலாம். அங்குள்ள நம்மவர்களில் சிலரை ஆபீசில் “ஃபனூ” என்றே கூப்பிடுகிறார்களாம். அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பெயரைப் பிரித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு மட்டும் முதல் பாஸ்போர்ட்டிலேயே சர்நேம் வைத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

மகள் என்றதும் ஞாபகம் வருகிறது. குழந்தைகள் இன்டர்வியூவுக்கு வர வேண்டாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பழைய கதை. செப்டம்பர் 2, 2025-லிருந்து 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் பொதுவாக நேரில் வர வேண்டும். உங்கள் கணவருக்கும் மகளுக்கும் எச்-4 என்ற குடும்பத்தார் விசா, தனித்தனி டிஎஸ்-160, தனித்தனிக் கட்டணம். தலைக்கு 205 டாலர். கல்யாண சர்டிபிகேட், மகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டின் ஒரிஜினலும் வேண்டும். ஊர்க் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமலே விட்டவர்கள் நம்மில் நிறைய. அந்த வகையில் நீங்களும் உண்டு என்றால் இன்றே ஊருக்குப் போன் போடுங்கள், அது ஒரு நாளில் முடிகிற வேலை கிடையாது. உங்கள் பெயர் பாஸ்போர்ட்டிலும் இந்த இரண்டு சான்றிதழிலும் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லட்சுமியில் ஒன்றில் எக்ஸ், ஒன்றில் கே.எஸ்.எச். என்று இருக்கும். அதற்காக யாரும் விசாவை மறுத்து நான் பார்த்ததில்லை, கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சோஷியல் மீடியா பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 இரண்டுக்கும் விண்ணப்பிப்பவர்கள் எல்லாக் கணக்குகளையும் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். உங்கள் தேதி தள்ளிப்போனதற்கும் அதுதான் காரணம். கடந்த ஐந்து வருஷத்தில் பயன்படுத்திய கணக்குகளின் பெயர்களை டிஎஸ்-160-ல் கொடுக்க வேண்டும், கணவர் இன்ஸ்டாகிராமில் கிரிக்கெட் மட்டுமே பார்க்கிறார் என்றாலும். பயந்துகொண்டு கணக்கையே அழிக்காதீர்கள். பெண்களுக்குப் படங்களைத் திறந்து வைப்பது சங்கடம் என்று எனக்குத் தெரியும். குடும்பப் படங்களை நீக்குவது உங்கள் உரிமை, கணக்கை மறைப்பதுதான் கூடாது.

இதில் நான் ஆபத்து என்று நினைப்பது இன்ஸ்டாகிராமை இல்லை, லிங்க்ட்இன்னை. அங்கே எல்லோரும் ஒரு படி உயர்த்திப் போட்டுக்கொள்கிறோம். டெஸ்ட் இன்ஜினியர் “டெஸ்ட் லீட்” ஆகிவிடுவார், 2018 ஜூன் 2018 ஜனவரி ஆகிவிடும். அப்படி ஒரு பொருத்தமில்லாத காகிதத்தால் நான் ஒரு பையனுக்குச் செய்த கெடுதல் இன்னும் உறுத்துகிறது. 2013-ல், பைல் தயார் செய்த நானே அவசரத்தில் பழைய அனுபவக் கடிதத்தை வைத்துவிட்டேன். பெட்டிஷனில் சாப்ட்வேர் இன்ஜினியர், கடிதத்தில் சீனியர் அனலிஸ்ட். 221(ஜி) சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏழு வாரம். அவன் வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்து, அக்கா வீட்டு ஹாலில் படுத்திருந்தான். தப்பு என்னுடையது, ஹாலில் படுத்தது அவன்.

அந்தச் சீட்டு உங்களுக்கும் வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். 221(ஜி) என்றால் இன்னும் ஏதோ காகிதம் வேண்டும், அல்லது இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து இணையத்தில் ஸ்டேட்டஸ் பார்த்தால் “ரெஃப்யூஸ்ட்” என்று காட்டும். நெஞ்சு நின்றுவிடும். அது அவர்கள் கணக்கு முறை. முடிவான மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்ட காகிதத்தை ஒரு வருஷத்துக்குள் கொடுக்கலாம், மறுபடி கட்டணம் இல்லை. நீங்கள் கிளையன்ட் இடத்தில் வேலை செய்யப் போவதால், கிளையன்ட் கடிதம் ஒன்றை முன்கூட்டியே கம்பெனியிடம் கேட்டு பைலில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த வகையில் அடிக்கடி கேட்கப்படும் காகிதம் அதுதான். பாஸ்போர்ட் கைக்கு வரும் வரை விமான டிக்கெட் வாங்காதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள், மகளின் ஸ்கூல் சீட்டை விடாதீர்கள்.

கடைசியாக அந்த நாள். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது கான்சுலேட் ப்ரீச் கேண்டியில் ஒரு பழைய அரண்மனையில் இருந்தது. கடற்கரை வெயிலில், ரோட்டோரத்தில், பைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். 2011-ல் பி.கே.சி. என்ற பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு வந்துவிட்டார்கள். தாராவியில் வளர்ந்த உங்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை, மித்தி ஆற்றுக்கு அந்தக் கரையில் தெரியும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். பக்கம்தானே என்று மட்டும் நினைக்காதீர்கள். காலை நேரத்தில் குர்லாவிலிருந்து வந்தாலும் சயானிலிருந்து வந்தாலும் அந்த இரண்டு கிலோமீட்டர் உங்களை அழ வைக்கும்.

போன், ஸ்மார்ட் வாட்ச், பவர் பேங்க், பெரிய பை எதுவும் உள்ளே விட மாட்டார்கள். வெளியே காசு வாங்கிக்கொண்டு போனை வைத்துக்கொள்ள ஆள் கிடைப்பார்கள், ஆனால் ஒரு வாழ்க்கையே இருக்கும் போனை முன்பின் தெரியாதவரிடம் கொடுக்க எனக்கு மனசு வராது. நீங்கள் மூன்று பேரும் உள்ளே போகிறீர்கள், எனவே அப்பாவையோ தம்பியையோ கூட்டிப்போய் வெளியே டீக்கடையில் உட்கார வையுங்கள். மகளுக்குச் சாப்பாடு முடித்து, பாத்ரூம் போகவைத்து கூட்டிப்போங்கள். காத்திருப்பு மணிக்கணக்கில் போகும், கவுண்டர் முன்னால் நிற்பது மூன்று நிமிஷம். பைலை அவர்கள் கேட்காமல் திறக்காதீர்கள். பலருக்குப் பாஸ்போர்ட்டைத் தவிர எதையுமே கேட்காமல் அனுப்பிவிடுவதும் உண்டு, அதற்காக வருத்தப்படாதீர்கள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் படம் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு முறை படியுங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கீழே சின்ன எழுத்தில் கம்பெனி பெயர், பெட்டிஷன் முடியும் தேதி. மூன்று பாஸ்போர்ட்டிலும். ஒரு எழுத்து தவறினாலும் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள், விமானம் ஏறிய பிறகு அதைத் திருத்துவது பெரிய பாடு.

புது டிஎஸ்-160 இந்த வாரமே போய்விடட்டும்.